மேற்பார்வை இன்றி

எனக்கு ஆறாம் நம்பர். ஐந்தாம் நம்பர் உள்ளே போய் இருபது நிமிடமாகிறது. நான் இருக்கிற பிளாஸ்டிக் கதிரையின் ஒரு கால் கட்டை, அசைந்தால் டக்கென்று சத்தம் வருகிறது, உள்ளே சோதினை நடக்கிறதே என்று அசையாமல் இருக்கிறேன். கதவில் ஒட்டியிருக்கிற கடதாசியைப் பதினைந்து தரமாவது வாசித்திருப்பேன். பராமரிப்பாளர், தேசிய தொழில் தகைமை, மட்டம் நான்கு, செயன்முறை மதிப்பீடு, சத்தம் போடாதீர். போன ஞாயிற்றுக்கிழமை மகள் நிரோஜினி கொழும்பிலிருந்து போனில் இந்த மட்டங்களை எனக்குப் படிப்பித்தாள். நான் தேங்காய் துருவிக்கொண்டு கேட்டேன். மொத்தம் ஏழு மட்டமாம். ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் சேர்ட்டிபிக்கற், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஒன்று என்றால் தொழிலுக்குள் இப்போதுதான் வந்தவர். இரண்டும் மூன்றும் வேலை தெரிந்தவர், ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கவேண்டும். நாலு என்றால் மேற்பார்வை இன்றித் தனியாகச் செய்யலாம். ஐந்து என்றால் மற்றவர்களை மேற்பார்க்கலாம். அவளிடம் ஐந்து இருக்கிறது, கட்டடப் படம் கீறுகிற டிப்ளோமா. "அப்ப நீ எனக்கு மேலையோடி?" என்று கேட்டேன். "அது வேறை தொழில் அம்மா. நான் வீட்டுக்குப் படம் கீறுறதிலை அஞ்சு. நீங்கள் வீட்டிலை கிடக்கிற ஆக்களைப் பாக்கிறதிலை நாலு" என்றாள். வாய்க்காரி. என்னைப்போல என்று சனம் சொல்லும், அது பிழை, அவள் தகப்பனைப்போல.

எடுத்தால் நாலு எடுக்கவேண்டும். மூன்று எனக்கு வேண்டாம். மூன்றில் என்ன குறை என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் முதியோர் இல்லத்தைத் தெரியாது. ஆடி மாதத்திலிருந்து அங்கே தற்காலிகமாக வேலைக்கு நிற்கிறேன், பெண்கள் பக்கத்தில், பதினொரு பேர். பொறுப்பாக இருக்கிற சிஸ்டர் இம்மாகுலேற்றா நல்ல மனுஷி, ஆனால் எல்லாவற்றுக்கும் கடதாசி கேட்பார். தை மாதத்திலிருந்து நாலாம் மட்டம் உள்ளவர்களுக்குத்தான் நிரந்தர வேலை, அவர்கள் மட்டும்தான் நோயாளியோடு தனியே நிற்கலாம் என்று அறிவித்தல் போட்டுவிட்டார். "மூண்டு வந்தாலும் பரவாயில்லை மங்கை, டிலக்சிக்குக் கீழை நில்லுங்கோ" என்று ஆறுதல் வேறு. டிலக்சிக்கு இருபத்திரண்டு வயது, ஆறு மாதம் வகுப்புக்குப் போய் நாலு எடுத்தவள். நல்ல பிள்ளைதான், ஆனால் மூத்திரப் பையை மாற்றச் சொன்னால் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு மாற்றுவாள். அவள் பக்கத்தில் நின்று பார்க்க நான் வேலை செய்யவேண்டுமாம். ஒன்பது வருஷம் என் மனிசனைப் பாரிசவாதத்தில் படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்பது வருஷமும் என்னை மேற்பார்க்க ஒரு காக்கை குருவி வரவில்லை. அவருடைய தமையன் கனடாவிலிருந்து இரண்டு தரம் வந்தார், அறை வாசலில் நின்று கண் கலங்கினார், போய்விட்டார். ஒரு படுக்கைப்புண் வந்ததா? வரவில்லை. ஆஸ்பத்திரியில் நேர்ஸ்மார் அவருடைய முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆர் பாக்கிறது என்று என்னிடம் கேட்டார்கள். நான்தான் என்றேன். வேறு ஆர்.

அந்த ஒன்பது வருஷத்தை வைத்துத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். வகுப்புக்குப் போகாமல் வேலையைச் செய்தே பழகியவர்களுக்கென்று இவர்களிடம் ஒரு வழி இருக்கிறது, முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். அனுபவத்தைக் காட்டினால் சேர்ட்டிபிக்கற். விண்ணப்பத்தில் தொழில் வழங்குநரின் பெயர் என்று ஒரு கோடு இருந்தது. என்ன எழுத? "அப்பாவின்ரை பேரை எழுதுங்கோ" என்று நிரோஜினி சிரித்தாள், அவர் கண்ணை மூடி அப்போது எட்டு மாதம்தான். கடைசியில் கிராம சேவகர் ஒரு கடிதம் தந்தார். மேற்படியாள் தனது கணவரை ஒன்பது ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பராமரித்தார் என்பதை நான் நேரில் அறிவேன் என்று. நேரில் அறிவாராம். ஒருநாள் எங்கள் படலையைத் தாண்டி வந்திருப்பாரா அந்த மனிசன். இருந்தாலும் சீல் நன்றாகப் பதிந்திருந்தது. இந்தச் சோதினையில் புள்ளி கிடையாது, அது ஒரு நிம்மதி. ஒவ்வொரு பகுதிக்கும் நேரே தேர்ச்சி என்று போடுவார்கள், இல்லாவிட்டால் இன்னும் தேர்ச்சியில்லை என்று போடுவார்கள். அந்த இன்னும் மரியாதைக்குப் போட்டது. ஓ.எல்.லில் நான் கணக்கில் பெயில் விட்டபோது ஒருவரும் எனக்கு இன்னும் என்று சொல்லவில்லை, அம்மா அடுப்படியிலிருந்து சொன்னது வேறு சொல். ஆனால் கட்டாயப் பகுதியில் ஒன்று பிழைத்தாலும் நாலு இல்லை, மூன்றுதான் என்று விண்ணப்பம் கொடுத்த கந்தோரில் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். ஒன்று. அது என்ன ஒன்று என்று நானும் ஒரு கிழமையாக வீட்டுச் சுவரைப் பார்த்து யோசிக்கிறேன், கைகழுவுவதா, கட்டில் பிரேக்கா, தலையணையா, எது என்று பிடிபடவில்லை.

கதவு திறக்கிறது. ஐந்தாம் நம்பர் சிரித்துக்கொண்டு வருகிறாள், நான் எழும்பக் கதிரை டக்கென்கிறது. "ஆறாம் நம்பர் வாங்கோ." உள்ளே ஒரு கட்டில், ஒரு சிறு மேசை, பேசின், தண்ணீர் யக், துவாய்கள் அளவாக மடித்து. மதிப்பீட்டாளர் மிஸிஸ் அன்ரனெற், தாதியாக இருந்து ஓய்வுபெற்றவராம், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார். கட்டிலில் பொம்மை கிடக்கும் என்று நினைத்திருந்தேன். உயிருள்ள பிள்ளை கிடக்கிறது. "இவ விதுர்ஷா, எங்கடை ட்ரெயினிங் பிள்ளை" என்கிறார் மிஸிஸ் அன்ரனெற். "இவவை வலப்பக்கம் வழங்காத, கதைக்க ஏலாத ஆளாய் நினைச்சுக்கொள்ளுங்கோ. காது கேக்கும், எல்லாம் விளங்கும். முகமும் கையும் துடைச்சு, இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைக்கவேணும். அவசரமில்லை." வலப்பக்கம் வழங்காது, அசையாது, கதைக்க ஏலாது. என் வீட்டுக்குள் வந்து பார்த்து எழுதிய கேள்வி மாதிரி இருக்கிறது. பயம் விட்டுப்போகிறது. கட்டில் பிரேக்கைக் காலால் அமத்துகிறேன், கையைக் கழுவுகிறேன், தண்ணீரை முழங்கையில் ஊற்றிப் பார்க்கிறேன். கை தன்பாட்டில் போகிறது. கண் முதலில், மூக்குப் பக்கமிருந்து வெளியே, ஒரு கண்ணுக்குத் துணியின் ஒரு மூலை, மற்றக் கண்ணுக்கு மற்ற மூலை. காதுக்குப் பின்னால். கழுத்து மடிப்பு. பிறகு வலக்கை. பிள்ளை கெட்டிக்காரி, வருத்தக்காரரைப்போல விரலைப் பொத்தி வைத்திருக்கிறாள். பொத்திய கையை விரலில் பிடித்து இழுக்கக்கூடாது, மணிக்கட்டை மெல்ல உள்ளே மடித்தால் விரல் தானாக விடும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஒரு வருஷம் என் மனிசனுடைய விரல்களை இழுத்து இழுத்துப் பிரித்தபிறகு ஒருநாள் தற்செயலாகக் கண்டுபிடித்தேன், அன்றைக்கு அவருடைய உள்ளங்கையில் அவருடைய நகமே கீறின காயம் நாலு இருந்தது. விரலிடுக்கில் ஈரம் ஒற்றியெடுக்கிறேன், தேய்க்கவில்லை. மிஸிஸ் அன்ரனெற்றின் பேனை ஓடுகிற சத்தம் கேட்கிறது, நல்ல சத்தம்.

திருப்பவேண்டும். வலது முழங்காலை மடிக்கிறேன். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். வைத்த உடனே பிள்ளையின் தோள் இறுகுகிறது. எனக்கு அது புதிதில்லை. அவரும் அப்படித்தான், கை வைத்தால் பலகையாகிவிடுவார். பாரிசவாத வருத்தம் அப்படி, நரம்பு அப்படி என்று எனக்குள் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். சில நாட்களில் விளக்கம் மாறும். பிடிவாதம், என்னை வருத்துவதற்கென்றே செய்கிறார் என்று தோன்றும், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் அமத்தித் திருப்புவேன். இறுகின உடம்பைத் திருப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது, முதுகை வளைக்காமல் காலில் பாரத்தைக் கொடுத்து, மூச்சை விடும்போது தள்ளவேண்டும். தள்ளுகிறேன். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கிடையில் ஒன்று, வலக்கைக்குக் கீழே ஒன்று. விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிடுகிறேன், சுருக்கத்தில்தான் புண் தொடங்கும். நிமிர்கிறேன். டிலக்சி இதில் பாதி செய்யமாட்டாள். "முடிஞ்சுது மிஸ்" என்கிறேன், குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும், இருக்கட்டும்.

மிஸிஸ் அன்ரனெற் கண்ணாடியைக் கழற்றுகிறார். "வேலை வடிவாச் செய்தீங்கள். அந்தக் கைவிரல் திறந்தது, எங்கடை பிள்ளையளுக்குக் காட்டவேணும். ஆனால் ஒண்டு. தொடங்கினதிலையிருந்து இவவோடை நீங்கள் ஒரு சொல்லும் கதைக்கேல்லை."

"அவ கதைக்க ஏலாத ஆள் எண்டு சொன்னீங்கள்தானே மிஸ்."

"அவவாலை ஏலாது. உங்களாலை ஏலும்தானே?"

கட்டிலைத் திரும்பிப் பார்க்கிறேன். "தொட முதல், என்ன செய்யப் போறன் எண்டு சொல்லவேணும், அவ சரியெண்ட பிறகுதான் கை வைக்கவேணும். கட்டாயப் பகுதி. இது இல்லாமல் நான் தேர்ச்சி போட ஏலாது. திருப்பிச் செய்ய ஒருதரம் இடமிருக்கு, ஒருதரம்தான். தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்கிறார். மூலையில் தண்ணீர்க் குடம். கிளாசை நிரப்புகிறேன், குடிக்க மறந்து கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இதுவா அந்த ஒன்று. கதைப்பது. நான் கதையாத ஆளா? தெரிந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். மீன்காரனோடு கதைப்பேன், பஸ் கொண்டக்ரரோடு சண்டை பிடிப்பேன், இல்லத்தில் அந்தப் பதினொரு பேரோடும் நாள் முழுக்கக் கதைதான். கதைதானா? யோசித்துப் பார்க்கிறேன். கதிரையில் இருக்கும்போது கதைப்பேன். துணியைக் கையில் எடுத்தால் வாய் மூடிவிடும். ஆம், மூடிவிடும். இத்தனை மாதமாக எனக்கே தெரியவில்லை. முதல் வருஷம் என் மனிசனோடு கதைத்தேன், சத்தியமாகக் கதைத்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை, கதையுங்கோ அன்ரி, அவருக்கு எல்லாம் விளங்கும் என்று சொல்லி அனுப்பினாள். தேத்தண்ணி கொண்டந்திருக்கிறன் என்பேன். அவர் பதில் சொல்லப் பார்ப்பார். ஆ ஆ என்று வரும், அதற்கு மேலே வராது, உடனே அழுவார். சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர், காலையில் பேப்பரை விரித்தால் பத்து மணி வரைக்கும் உலகத்துக்கு விளக்கம் சொல்லுகிற மனிசன், ஆ என்று மட்டும் வந்தால் அழாமல் என்ன செய்வார். அழுதால் சளி ஏறும், சளி ஏறினால் இரவு முழுக்க இழுப்பு. அதனால்தான் நிறுத்தினேன். நான் கேட்டால்தானே அவர் பதில் தேடவேண்டும். ரேடியோவைப் போட்டுவிட்டேன், விடிய ஆறு மணிக்குப் போட்டால் பத்துமணிக்கு நிற்பாட்டுவேன், வீட்டில் அது கதைத்தது. இது ஒரு காரணம். நல்ல காரணம், ஆரிடமும் சொல்லலாம், நிரோஜினியிடம் சொல்லியுமிருக்கிறேன். மற்றக் காரணத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை. இருபது வருஷம் அவர் கதைத்தார், நான் கேட்டேன். உப்புக் கூட என்றார், சேலை சரியில்லை என்றார், உனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்றார். பிறகு வீடு அமைதியாகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. நான் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, வேளைக்கு வேளை செய்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை, எட்டு வருஷம். தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. குடித்துவிட்டுக் கிளாசைக் கவிழ்த்து வைக்கிறேன்.

விதுர்ஷாவைப் பழையபடி மல்லாந்து படுக்க விட்டிருக்கிறார்கள். கட்டிலடிக்குப் போய் நிற்கிறேன். மேலே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். சொல்லவேண்டும். என்ன சொல்லிக் கூப்பிட? "இஞ்சாருங்கோ" என்கிறேன். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டைக் கடிக்கிறாள். புருஷனைக் கூப்பிடுகிற சொல்லால் பத்தொன்பது வயதுப் பெட்டையைக் கூப்பிட்டால் சிரிக்கமாட்டாளா. எனக்கு முகம் சுடுகிறது. மிஸிஸ் அன்ரனெற் சிரிக்கவில்லை, அதற்கு அவருக்குப் புண்ணியம். "விதுர்ஷா" என்று திருத்துகிறேன். "முகம் துடைக்கப் போறன் பிள்ளை. தண்ணி இளஞ்சூடு, பாத்துத்தான் எடுத்தனான். கண்ணை மூடிக்கொள்ளுங்கோ." மூடுகிறாள். துடைக்கிறேன். "இப்ப கை. விரலைத் திறக்கப் போறன், நோகாது." குரல் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது, சத்தமாகவும் இருக்கிறது, செவிடருக்குச் சொல்வதுபோல. குறைக்கிறேன். கையும் முடிந்தது. துவாயை மடித்து வைக்கிறேன், இனித் திருப்பவேண்டும். "உங்களை இடப்பக்கம், சுவர்ப்பக்கம் திருப்பப் போறன். ஒரு கை தோளிலை வைப்பன், மற்றது இடுப்பிலை. விழ விடமாட்டன். சரியெண்டால் கண்ணை ஒருக்கா மூடித் திறவுங்கோ." நிற்கிறேன். எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியவில்லை. பிள்ளை கண்ணை மூடித் திறக்கிறாள். தோளில் கை வைக்கிறேன். இறுகவில்லை. நான் காலில் பாரத்தைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து, தள்ளுவதற்குத் தயாராக நிற்கிறேன், தள்ள வேலையில்லை, உடம்பு தானாக என் கையோடு வருகிறது, ஒரு துவாயைத் திருப்பிப் போட்ட அளவு பாரம்கூட இல்லை. தலையணை வைக்கவேண்டும். வைக்கிறேன். முதுகுக்கு ஒன்று. அப்படியென்றால் அவர் இறுகினது வருத்தமில்லை. முழங்காலுக்கு ஒன்று. நரம்பில்லை. பிடிவாதமுமில்லை. மனிசன் பயந்திருக்கிறார். காது கேட்கிற, எல்லாம் விளங்குகிற மனிசன், முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு கை வந்து பிடித்துத் திருப்பும். ஒருநாளைக்கு எட்டுத் தரம், பத்துத் தரம். ஆர்தான் இறுகமாட்டார். நான் இன்னும் அமத்தினேன். கைக்குக் கீழே வைக்கவேண்டிய தலையணையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் போலிருக்கிறது, மிஸிஸ் அன்ரனெற் தொண்டையைச் செருமுகிறார். வைக்கிறேன். விரிப்பை இழுத்துவிடுகிறேன். "முடிஞ்சுது பிள்ளை" என்று விதுர்ஷாவிடம் சொல்கிறேன்.

"பாத்தீங்களே, எல்லாம் வந்திட்டுது" என்கிறார் மிஸிஸ் அன்ரனெற். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம், முகத்தில் தெரிகிறது. மேசைக்குக் கூப்பிட்டுக் கதிரை காட்டுகிறார். நீளமான ஒரு தாள், ஒவ்வொரு பகுதிக்கும் நேரே ஒரு பெட்டி, அதற்குப் பக்கத்தில் அனுபவம் பெற்ற விதம் என்று ஒரு கோடு. எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு வந்து கடைசிக் கோட்டில் பேனையை நிறுத்துகிறார். "இது மட்டும் உங்கடை வாயாலை கேட்டு எழுதவேணும். வகுப்பிலை படிச்ச பிள்ளையளுக்கெண்டால் நான் கேக்கமாட்டன். இது முந்தியே செய்து பழகினதுக்குக் குடுக்கிற சேர்ட்டிபிக்கற், இண்டைக்கு நான் சொல்லித் தந்ததுக்கு நாலு குடுக்க ஏலாது. வீட்டிலையும் அவரோடை இப்பிடிக் கதைச்சுத்தானே செய்தனீங்கள்? இஞ்சை பதட்டத்திலை விடுபட்டுப்போச்சு, என்ன?"

பேனை தாளுக்கு மேலே நிற்கிறது. இல்லை என்று சொல்லலாம். இல்லை மிஸ், ஒரு சொல்லும் கதைக்கவில்லை, எட்டு வருஷம், இப்போதுதான் பழகினேன் என்று சொன்னால் அது உண்மை, அதற்கு மூன்றாம் மட்டம். தை மாதத்திலிருந்து டிலக்சி என் பக்கத்தில் நிற்பாள். ஒருவேளை ஆராவது ஒருவர் என் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டுமோ. அன்றைக்கு ஒருவர் நின்றிருந்தால், மங்கை, அவரிடம் சொல்லிவிட்டுத் தொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். விதுர்ஷா இன்னும் சுவர்ப்பக்கம் பார்த்தபடி படுத்திருக்கிறாள், நான் வைத்த தலையணைகளோடு. மிஸிஸ் அன்ரனெற் என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறார், ஓமென்று சொல்லு என்று அவரே உதவி செய்கிற மாதிரி.

"ஓம் மிஸ்" என்கிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கதைச்சுக் கதைச்சுத்தான் செய்தனான். ஒன்பது வருஷமும்."

அவர் எழுதுகிறார். பெட்டிக்குள் தேர்ச்சி என்று போடுகிறார். மட்டம் நான்கு என்று கீழே வட்டமிடுகிறார். தாளை என் பக்கம் திருப்பி, கடைசி வரியை விரலால் காட்டுகிறார். மேற்கூறியவை யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன். பேனையை வாங்கிக் கையெழுத்து வைக்கிறேன், மங்கையற்கரசி குகநேசன் என்று, அவருடைய பெயரையும் சேர்த்து, முழுதாக.